சைலன்ஸர் சொன்ன சாட்சி

அத்தியாயம் 6

"சாகப் போற மனுஷன் வண்டிக்கு சைலன்ஸர் மாத்துவாரா மேடம்?" என்று கேட்டான் வெடி.

"அதைப் பார்க்கத்தான் வந்திருக்கோம். காலைத் தள்ளி வை, ஸ்பேனரை மிதிக்கிறே" என்றார் மேடம்.

வெடி காலைத் தள்ளி வைத்தான். பெற்றவர்கள் அவனுக்கு வைத்த பெயர் வேறு. இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், வாயைத் திறந்தால் படபடவென்று பொரிகிறான் என்று யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவனிடம் பாலிசி எடுத்தவர்களைவிடப் பேச்சுக்குப் பயந்து ஓடியவர்கள்தான் அதிகம். நாற்பதைத் தாண்டியபிறகு மேடத்திடம் உதவியாளனாக வந்து சேர்ந்தான். மேடம் பேசாமல் விடுகிற பேச்சையெல்லாம் அவனே பேசித் தீர்த்துவிடுவதால், அந்தத் துப்பறியும் ஆபீஸில் யாருக்கும் குறையில்லை.

இன்றைக்கு அவனுக்கே பேச்சு சரியாக வரவில்லை. ஷெட்டின் நடுவில் அந்தச் சிவப்பு வண்டி நின்றது. இரண்டே சீட், தாழ்ந்த மூக்கு, மடக்கி வைக்கிற கான்வாஸ் கூரை. வெடி பிறப்பதற்கு முன்னால் செய்த வண்டி. பெயிண்டில் ஒரு கீறல் கிடையாது. அதற்குப் பின்னால்தான் போன வாரம் பல் டாக்டர் செத்துக் கிடந்தார்.

கிளினிக்கை மூடிப் பல வருஷமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவர் பல் டாக்டர்தான். போலீஸ் தற்கொலை என்று எழுதி ஃபைலை மூடிவிட்டது. அவருடைய ஒரே மகள் மேடத்தைத் தேடி வந்து, மூடிய ஃபைலைத் திறக்கச் சொன்னாள். வீட்டுப் பக்கம் இருந்த சின்னக் கதவருகில் அவள் நின்றுகொண்டிருந்தாள். நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"இன்ஸ்பெக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டார் மேடம்.

"ஷட்டரை இறக்கியிருந்தார். இந்தக் கதவு, பக்கத்துல இருக்கிற ஜன்னல், ரெண்டுலயும் கனமான பஞ்சு விரிப்பைத் தொங்கவிட்டிருந்தார். சுவர்ல இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனை ஆஃப் பண்ணியிருந்தார். இன்ஜினை ஓடவிட்டுட்டு, பின்னாடி அந்த ஸ்டூலைப் போட்டு, குழாய்கிட்டயே..." அவள் ஸ்டூலிலிருந்து பார்வையை எடுத்தாள். "புகை வெளியே போகாம அடைச்சுட்டு, அதுகிட்ட முகத்தைக் கொண்டுபோய் வெச்சிருக்கார். இதுக்கு மேல உனக்கு என்னம்மா சந்தேகம்னு கேட்டார்."

"என்ன சந்தேகம் உங்களுக்கு?"

"எனக்கு சந்தேகம் இல்ல மேடம். பயம்."

மேடம் காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"அம்மாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமா போயிட்டிருக்கு. என்னை மறந்து ரொம்ப நாளாச்சு. அப்பாவை மட்டும் மறக்கல. தினம் சாயங்காலம் அப்பா வண்டியை எடுத்துட்டு ஒரு சுத்து போயிட்டு வருவார். அவர் வர்றதுக்குள்ள அம்மா எழுந்து போய் வாசல் லைட்டைப் போட்டுடுவாங்க. போன மாசம் அதுவும் போச்சு. அப்பா வந்து வாசல்ல நிக்கறார், அம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டு, 'யாரோ வந்திருக்கான், திறக்காதே'ன்னு கத்தறாங்க. அவர் கட்டின வீட்டு வாசல்ல அவர் திருடன் மாதிரி நின்னார். என்னால பார்க்க முடியல."

"அதனால?"

"அன்னிக்குக் காலையில நான்தான் சொன்னேன். 'அம்மாவுக்கு உங்களையே தெரியலப்பா. இனிமே யாருக்காக இதையெல்லாம் கட்டிக்கிட்டு அழறீங்க? காப்பகத்துல விட்டுடலாம்'னு. அவர் ஒரு வார்த்தை பேசல. எழுந்து ஷெட்டுக்குள்ள போயிட்டார். நான் காப்பகத்தைப் பார்த்துட்டு வரப் போனேன். திரும்பி வந்தப்போ இன்ஜின் ஓடிக்கிட்டிருந்தது." அவள் மேடத்தை நேராகப் பார்த்தாள். "என் வார்த்தைதான் அவரைக் கொன்னுச்சா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும். ஆமான்னாலும் பரவாயில்ல."

பரவாயில்லை என்கிற முகமாக அது இல்லை. வெடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஊரையே வாயைத் திற, வாயைத் திறன்னு சொன்ன மனுஷன், தன் வாயைத் திறக்காமலே போயிட்டார் மேடம்" என்றான், மகளுக்குக் கேட்காத குரலில்.

மேடம் பார்த்த பார்வையில் வெடி நமுத்துப் போனான்.

மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஷட்டர் பக்கம் போய் மண்டியிட்டார். தெரு வெளிச்சம் ஷட்டருக்கு அடியில் கோடாக விழுந்திருந்தது. தரை தேய்ந்து பள்ளமாகியிருந்ததால் ஷட்டர் முழுசாக உட்காரவில்லை.

"வெடி, இங்கே கையை விடு."

"தாராளமா போகுது மேடம். தெருவுல போறவன் செருப்பைத் தொட்டுடுவேன் போலிருக்கு."

"இந்த மூலையில பழைய கோணி கிடக்கு. ஒரு கட்டு. புகையை அடைக்க நினைச்சவர் இந்த ஓட்டையை விட்டுட்டு, நல்லா மூடிக்கிற கதவுக்கும் ஜன்னலுக்கும் விரிப்பு மாட்டினாராம். இன்ஸ்பெக்டர் நம்பிட்டார்."

"அவசரத்துல கவனிக்காம இருந்திருக்கலாம்."

"பல்லுக்கு நடுவுல இருக்கிற ஓட்டையைத் தேடியே பிழைச்ச மனுஷன்யா அவர்."

வெடிக்கு அது தான் சொல்லியிருக்க வேண்டிய ஜோக் என்று பட்டது. மேடம் எழுந்து, இன்னும் தொங்கிக்கொண்டிருந்த விரிப்பை விலக்கி ஜன்னல் வழியாகப் பார்த்தார். குறுகலான முற்றத்துக்கு அந்தப் பக்கம் வீட்டின் ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. அதற்குள் நரைத்த தலை ஒன்று அசையாமல் இருந்தது.

"அம்மாவோட ரூமா?"

"ஆமா. எப்பவும் அங்கேதான் உட்கார்ந்திருப்பாங்க." மகள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பாவை எடுத்துட்டுப் போனப்போகூட அம்மா அழல மேடம். யார் வீட்டுத் துக்கத்துக்கோ வந்த மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. அதுவும் நல்லதுக்குத்தான், அவங்களுக்கு வலிக்காதுன்னு வந்தவங்க சொன்னாங்க."

விரிப்பு மாட்டிய இரண்டு இடமும் வீட்டைப் பார்த்தவை. மேடம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வண்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். அடியில் மாட்டியிருந்த சைலன்ஸர் புதுசு, ஆனால் பளபளப்பில்லாத கறுப்பு இரும்பு. சுவரோரம் பளபளவென்று வேறு சில சைலன்ஸர்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. டாக்டர் அவற்றைக் கழற்றி, துணியால் துடைத்து, ஒழுங்காக வைத்திருந்தார்.

"தபால்தலை சேர்க்கிறவங்களைப் பார்த்திருக்கேன்" என்றான் வெடி. "சைலன்ஸர் சேர்க்கிறவரை இப்பதான் பார்க்கிறேன்."

எல்லாவற்றிலும் ஒரே பட்டறையின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

பட்டறையின் கூரை முழுக்க சைலன்ஸர்கள் தொங்கின. தடித்தது, ஒல்லி, வளைந்தது, இரட்டைக் குழாய் என்று விதவிதமாக. பட்டறைக்காரர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு பேருக்கும் ஸ்டூல் போட்டார். பல் டாக்டர் என்றதும் அவர் முகம் தொங்கிப்போனது.

"நல்ல மனுஷர் மேடம். ஆனா அவர மாதிரி ஒரு கஸ்டமரை என் வாழ்நாள்ல பார்த்ததில்ல. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வெச்சிருக்கிறவங்க இங்கே வந்தா கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். சத்தம். பக்கத்து வீட்டுக்காரன் திட்டணும், அதுதான் அவங்களுக்கு அளவு. இவர் தலைகீழ்."

"சத்தம் வேணாம்னாரா?"

"அதுவும் இல்ல. அங்கதான் என் தலை சுத்துச்சு." பட்டறைக்காரர் கூரையைக் காட்டினார். "போன மாசம் அவரோட பழைய சைலன்ஸர் துருப்பிடிச்சு ரோட்லயே கழண்டு விழுந்துடுச்சு. முதல்ல நேர்க்குழாய் ஒண்ணு போட்டேன். உள்ளே தடுப்பே கிடையாது, சிங்கம் மாதிரி உறுமும். மறுநாளே அதைக் கழட்டி வீட்ல வெச்சுட்டு, வேற வேணும்னு வந்துட்டார். சரின்னு உள்ளே பஞ்சு அடைச்சது ஒண்ணு குடுத்தேன், தலையணையில பேசற மாதிரி மெதுவா இருக்கும். அதுவும் வேணாம்னார். எவர்சில்வர்ல நல்ல கம்பெனி அயிட்டம் வரவழைச்சேன், ஆயுசுக்கும் துருப்பிடிக்காது. தட்டு விழற மாதிரி ஓசை வருதுன்னார். என்னதான் சார் வேணும்னு கேட்டேன். 'கொஞ்சம் இருமணும்'னார்."

"இருமணுமா?"

"பழசு அப்படி இருமுமாம். தெருமுனையில திரும்பறப்போ ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா, ரெண்டு தடவை லேசா இருமிட்டு அடங்குமாம். வர்றவங்கல்லாம் இருமலை நிறுத்தச் சொல்லிக் கேப்பாங்க. இவர் இருமல் வேணும்னு கெஞ்சறார். கடைசியில பழைய சைலன்ஸரை அறுத்து, உள்ளே இருந்த தகட்டையெல்லாம் எடுத்து, அதே கனத்துல புது இரும்பு உறை செஞ்சு, உள்ளே அதே வரிசையில வெச்சு மூடிக் குடுத்தேன். அன்னிக்குக் காலையிலதான் ஆள்கிட்ட குடுத்தனுப்பினேன். சரியா வந்துச்சான்னு கேக்கவே இல்ல..." அவர் கையுறையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார்.

"ஏன் வேணாம்கறார்னு நீங்க கேட்டதில்லையா?"

"கேட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். 'வீட்ல ஒத்துக்கல'ன்னு. சரி, வீட்டம்மா கறார் போலன்னு நினைச்சுக்கிட்டேன். எந்த வீட்ல வண்டிச் சத்தம் பிடிக்குது?"

"என் வீட்ல பிடிக்கும்" என்றான் வெடி. "என் ஸ்கூட்டர் தகரடப்பா மாதிரி கடகடங்கும். தெருவுக்குள்ள நுழையறப்பவே என் பொண்டாட்டிக்குக் கேட்டுடும். டிவியை அணைச்சுட்டு, நாள் பூரா அடுப்படியில வெந்த மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு வந்து கதவைத் திறப்பா. ஒரு நாள் நண்பனோட வண்டியில போய் இறங்கினேன். காலை நீட்டிக்கிட்டு சீரியல் பார்க்கறா. என்னைப் பார்த்து, யாரோன்னு பயந்துட்டேன்னு ஒரே சண்டை..."

அவன் நிறுத்தினான். மேடம் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

"கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லு."

"சண்டை போட்டாள்னு..."

"அதுக்கு முன்னாடி."

"யாரோன்னு பயந்துட்டேன்னா." சொல்லி முடித்தபோது வெடிக்கே உறைத்தது. ஜோக் அடிக்க வந்த இடத்தில் துப்பு கிடைப்பது அவனுக்கு இதற்கு முன் நடந்ததில்லை. நடந்தது சந்தோஷமாகவும் இல்லை.

திரும்பி வந்ததும் மேடம் மகளைக் கையைப் பிடித்து ஷெட்டுக்குள் அழைத்துவந்தார். அவள் நிலைப்படியில் தயங்கி, பிறகு வந்தாள்.

"ஒரே ஒரு கேள்வி. அம்மா கதவைச் சாத்திக்கிட்டது, பழைய சைலன்ஸர் ரோட்ல விழுந்த பிறகுதானே?"

மகள் யோசித்தாள். "ஆமா. புதுசு மாட்டிட்டு வந்த அன்னிக்குத்தான் முதல் தடவை. அதுக்கும் இதுக்கும் என்ன..." அவள் சுவரோரம் இருந்த சைலன்ஸர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்களுக்கு அப்பாவோட முகம் எப்பவோ மறந்துபோயிருக்கும். நீங்க யாரும் கவனிக்கல. அவர் கவனிச்சிருக்கார். முகம் போனபிறகும் வண்டிச் சத்தம் மிச்சம் இருந்தது. அந்த இருமல் கேட்டா அவர் வர்றார்னு அர்த்தம், லைட்டைப் போடணும். உறுமலோட ஒரு வண்டி வந்து நின்னு, அதுலேர்ந்து ஒரு கிழவர் இறங்கினா, அது யாரோ அந்நியன். தாழ்ப்பாள் போடணும்."

"ஆனா விரிப்பு... ஃபேன்..."

மேடம் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார். எக்ஸாஸ்ட் ஃபேன் தடதடவென்று சுற்ற ஆரம்பித்தது. மேடத்தின் உதடு அசைந்தது.

"என்ன மேடம்? கேக்கல!" என்று கத்தினான் வெடி.

மேடம் ஃபேனை அணைத்தார். "இதுக்குத்தான் அணைச்சார். இது ஓடினா ஒரு லேசான இருமல் காதுல விழுமா? தப்பான சத்தம் கேட்கறப்பல்லாம் அம்மா நடுங்கறாங்க. அதனால சரியானது கிடைக்கிற வரைக்கும் அவங்க காதுல எதுவும் விழக் கூடாதுன்னு வீட்டைப் பார்த்த பக்கம் மட்டும் விரிப்பு மாட்டினார். தெருப்பக்க ஓட்டையைப் பத்தி அவருக்கு அக்கறை இல்ல. குழாய்கிட்ட ஸ்டூல் போட்டு உட்கார்ந்தது முகத்தை வைக்க இல்லம்மா. காதை வைக்க. போலீஸ் ஷெட் பூரா புகையைத் தேடிச்சு. அவர் அன்னிக்குப் புகையை நினைக்கவே இல்ல. அதுதான் அவர் பண்ணின ஒரே தப்பு. கொஞ்ச நேரம்தானேன்னு நினைச்சிருப்பார். அந்தப் புகையில இருக்கிற விஷத்துக்கு நெடியே கிடையாது, தூக்கம் மாதிரி வந்துடும்."

மகள் வண்டியின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அப்போ என்னாலதான்" என்றாள். "உங்களையே தெரியலன்னு நான் சொன்னேன். அதனாலதான் உள்ளே போனார்."

"நீங்க சொன்னது தப்புன்னு காட்டறதுக்காகப் போனார். சாயங்காலம் நீங்க வர்றப்போ அம்மா லைட்டைப் போடறதை உங்களுக்குக் காட்டணும், காப்பகம் வேணாம்னு நீங்களே சொல்லணும். சாக முடிவு பண்ணினவர் சைலன்ஸரைத் துடைச்சு அடுக்கி வெச்சுக்கிட்டு இருக்க மாட்டார்."

"இது நிஜம்னு எப்படித் தெரியும்? எனக்கு ஆறுதலுக்காகச் சொல்றீங்களோ என்னவோ."

நியாயமான கேள்வி. மேடம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"சாட்சி ஒருத்தர் இருக்காங்க. ஆனா கூப்பிடறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க. இந்த சைலன்ஸர் சரியானதா இருந்தா, உங்க அம்மா அவரைத் தேடி வாசலுக்கு வருவாங்க. அவர் இல்லைன்னு அப்போ யாராவது சொல்லணும். நான் சொல்ல முடியாது."

ஷெட்டில் எண்ணெய் வாடை மட்டும் இருந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று வெடி மனசுக்குள் வேண்டிக்கொண்டான். இப்படி ஒரு சாட்சியை விசாரிக்க அவனுக்குத் தெம்பில்லை.

"அம்மாவுக்கு வலிக்கலைன்னு எல்லாரும் சொன்னாங்க" என்றாள் மகள் மெதுவாக. "அவருக்காக அழ இந்த வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்னு நினைச்சேன். எடுங்க வண்டியை."

மேடம் சாவியை வெடியிடம் நீட்டினார். ஷட்டர் மேலே போனது. இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது.

வெடி தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தான். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இப்படி ஒரு வண்டியை ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டதுண்டு. இப்போது ஸ்டியரிங்கை இரவல் சாமான் மாதிரி பிடித்திருந்தான். சீட் இன்னொருவரின் உயரத்துக்கு இழுத்து வைக்கப்பட்டிருந்தது, அதை மாற்ற அவனுக்கு மனசு வரவில்லை. தெருமுனை வந்தது. பட்டறைக்காரர் சொன்ன மாதிரி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான்.

வண்டி இருமியது. இரண்டு தடவை, லேசாக. பிறகு அடங்கி உருண்டது.

பட்டப்பகலில், கண் கூசும் வெயிலில், அந்த வீட்டு வாசல் லைட் எரிந்தது.

வெடி வாசலில் வண்டியை நிறுத்தினான். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அந்த அம்மா வந்தார், கலைந்த தலையைக் கையால் ஒதுக்கிக்கொண்டே. முகத்தில் சிரிப்பும், காக்க வைத்ததற்கான கோபமும் இருந்தன.

"இவ்வளவு நேரமா?" என்று கேட்டுக்கொண்டே படி இறங்கியவர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த வெடியைப் பார்த்து நின்றார். பக்கத்து சீட்டைப் பார்த்தார். மறுபடி வெடியைப் பார்த்தார்.

"இது அவர் வண்டியாச்சே" என்றார். "அவர் எங்கே?"

வெடி வாயைத் திறந்தான். போலீஸ்காரரிடம், பொண்டாட்டியிடம், கடன்காரனிடம் எல்லாம் சளைக்காமல் பதில் சொன்ன வாய். அதிலிருந்து காற்றுகூட வரவில்லை.

மகள்தான் வந்தாள். வெறும் காலோடு படியிறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி மட்டும்தாம்மா வந்திருக்கு" என்றாள்.

அம்மா அவளைப் பார்த்தார். மகள் என்று தெரிந்ததா, வேறு யாரோ என்று நினைத்தாரா, வெடியால் சொல்ல முடியவில்லை. குனிந்து, சூடாக இருந்த பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்படியே வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். முதலில் சத்தமில்லாமல், பிறகு பெருங்குரலெடுத்து. அன்றைக்கு அழாததெல்லாம் சேர்ந்து வந்தது. மகள் அவரைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். எதிர்வீட்டுக் கதவு திறந்து மூடியது. மேடம் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டார், கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்துக்கொண்டு.

இந்த நேரத்தில் இன்ஜின் ஓடுவது மரியாதையில்லை என்று வெடிக்குத் தோன்றியது. சாவியைத் திருப்பினான். தெரு அமைதியானது.

அம்மா தலையை நிமிர்த்தினார்.

"நிறுத்தாதீங்க" என்றார். "கொஞ்ச நேரம் ஓடட்டும்."

வெடி மறுபடியும் சாவியைத் திருப்பினான். டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று முள்ளைப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது.